விபிஎஸ்35 டி620என்: ரெட்ரோமர் குலையவில்லையே, எதை அளப்பது?

கேள்வி:
ரெட்ரோமர் என்பது எண்டோசோமிலிருந்து புரதங்களைத் திருப்பி அனுப்பும் கூட்டமைப்பு; விபிஎஸ்35 அதன் ஓர் உறுப்பு. பார்க்கின்சன் ஆய்வுக்காக விபிஎஸ்35-இன் டி620என் சடுதிமாற்ற வடிவத்தை டேக் போட்டு ஹெச்இகே293 (மனிதச் சிறுநீரகச் செல் வரிசை) செல்களில் மிகையாக வெளிப்படுத்தி ஐபி (எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்து இழுத்தல்) செய்தால், மற்ற உறுப்புகளான விபிஎஸ்26, விபிஎஸ்29 இரண்டும் இயல்பான புரதத்தோடு வருவதைப் போலவே கூட வருகின்றன. லைசோசோம் நொதியான கத்தெப்சின் டி-யின் மொத்த அளவும் மாறவில்லை. பேசாமல் எஸ்ஐஆர்என்ஏ-வால் (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) விபிஎஸ்35-ஐக் குறைத்து அதையே நோய் மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
வேண்டாம், அது வேறு நோய்க்கான மாதிரி! விபிஎஸ்35 குறைந்தால் விபிஎஸ்26-உம் நிலைக்காமல் சிதைந்து, ரெட்ரோமரே இல்லாமல் போகும். இந்தச் சடுதிமாற்றம் உள்ளவர்களுக்கு ரெட்ரோமர் முழுதாகவே இருக்கிறது. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இயல்பானதே. 2011இல் சுவிஸ், ஆஸ்திரியக் குடும்பங்களில் இது தெரியவந்தபின் நடந்த ஆய்வுகள் காட்டியது, எண்டோசோமில் ஆக்டின் இழைகளை வளர்க்கும் வாஷ் கூட்டமைப்பின் ஃபாம்21 புரதத்துடன் விபிஎஸ்35-இன் பிணைப்பு தளர்வதைத்தான். அதே ஐபி-யில் ஃபாம்21-க்கு வெஸ்டர்ன் ப்ளாட் போடுங்கள். முழுதாக மறையாது, குறையும்; அதனால் பட்டையைச் செறிவு அளந்து விபிஎஸ்35-ஆல் வகுக்க வேண்டும்.

கத்தெப்சின் டி-யில் மொத்த அளவு உதவாது. முன்வடிவம் சுமார் 52 கிலோடால்டன், முதிர்ந்தது 30-ஐ ஒட்டி, விகிதத்தைப் பாருங்கள். கத்தெப்சின் டி-யைச் சுமக்கும் ஏற்பி கோல்ஜிக்குத் திரும்பாவிட்டால் முன்வடிவம் வெளியே கசியும், எனவே செல் வளரும் மீடியத்தையும் ஜெல்லில் ஓட்டுங்கள். சீரம் இல்லாத மீடியம்தான், இல்லையென்றால் ஆல்புமின் பட்டையை நெளித்துவிடும். டி620என்-இல் இந்த விளைவு செல்லுக்குச் செல் மாறும், இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பதில் 2:
நம்பகமான அளவீடு ராப்10-இன் த்ரியோனின் 73 பாஸ்பேட். ராப்10 புரதத்தில் அந்தப் பாஸ்பேட்டைச் சேர்க்கும் எல்ஆர்ஆர்கே2 கைனேஸை டி620என் தூண்டுகிறது. ராப்10 பாஸ்பேட் உயர்வு, எல்ஆர்ஆர்கே2-இன் சடுதிமாற்றமான ஜி2019எஸ்-ஐவிட அதிகம். டி620என் செல்லில் விபிஎஸ்35-ஐக் குறைத்தால் அது இறங்கிவிடும், எஸ்ஐஆர்என்ஏ யோசனைக்கு இதுவே பதில்.

ஹெச்இகே-யில் எல்ஆர்ஆர்கே2 மிகக் குறைவு. டி620என் நாக்-இன் (சடுதிமாற்றத்தை மரபணுவிலேயே புகுத்திய) எலிக் கரு ஃபைப்ரோபிளாஸ்ட் அல்லது ஏ549 நுரையீரல் செல் வரிசையை எடுங்கள். ஒரு கிணற்றில் எல்ஆர்ஆர்கே2 தடுப்பானான எம்எல்ஐ-2 100 நானோமோலார், 1 மணி நேரம். பக்கத்தில் மருந்தில்லாமல் அதன் கரைப்பானான டிஎம்எஸ்ஓ அதே அளவு. மருந்தில் பட்டை மறையவில்லை என்றால் அது ராப்10 சிக்னல் அல்ல. லைசிஸ் பஃபரில் பாஸ்பட்டேஸ் தடுப்பான் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
நோயாளி ரத்தத்தின் நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளையணு) சரிவருமா?

பதில் 2:
வரும், எல்ஆர்ஆர்கே2 தாராளம். ஆனால் புரதத்தை வெட்டும் செரின் புரோட்டியேஸ்களும் தாராளம். வழக்கமான தடுப்பான் காக்டெயில் போதாது, புரதம் துண்டாகிவிடும். பஃபரில் செரின் புரோட்டியேஸ் தடுப்பானான டிஐஎஃப்பி 0.5 மில்லிமோலார் சேருங்கள். அது நரம்பு நஞ்சு: ஃப்யூம் ஹூட், இரட்டைக் கையுறை, தனியாக இருக்கும்போது பாட்டிலைத் திறக்கக் கூடாது.