ஒப்புதல் படிவத்தில் ஒரு கட்டம் காலி. அந்த செல்லை நான் பயன்படுத்தலாமா?

மழைக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்டத்தில் இரண்டாம் ஆண்டு. படித்தது கணினிப் பொறியியல். இப்போது இருப்பது மூளை ஆர்கனாய்டு வளர்க்கும் ஆய்வகத்தில். ஒருவர் கொடுத்த தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து மிளகளவு மூளைத் திசு வளர்ப்பார்கள். அது எழுப்பும் மின் துடிப்புகளை அலசுவது என் வேலை. இரண்டு துறை சேர்ந்த திட்டம் என்பதால் எனக்கு இரண்டு கைடு. ஒருவர் செல் உயிரியல், இன்னொருவர் உயிரியல் அறவியல். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாவது அறவியலில் இருந்தே ஆகவேண்டும்.

போன மாதம் எங்களிடம் இருக்கும் 12 செல் வரிசைகளின் (ஒவ்வொன்றும் ஒருவர் கொடுத்த செல்லிலிருந்து வளர்த்துப் பாதுகாப்பது) விவரங்களை ஒரே அட்டவணையில் சேர்க்கச் சொன்னார்கள். அதில் 'சம்மதம்' என்று ஒரு பத்தி. பன்னிரண்டுக்கும் 'ஆம்' என்று ஏற்கெனவே போட்டிருந்தது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஸ்கேன் செய்த ஒப்புதல் படிவங்களைத் திறந்தேன். பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது, 'இந்த ஆய்வுக்கு என் தோல் மாதிரியைப் பயன்படுத்தலாம்.' இரண்டாவது, 'வருங்காலத்தில் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்.' ஏழாவது படிவத்தில் முதல் கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக். இரண்டாவதில் டிக் இல்லை. பேனா முனை தொட்டு நின்றுவிட்ட மாதிரி ஒரு சின்னப் புள்ளி. கீழே கையெழுத்து.

அந்த முதல் ஆய்வு எப்போதோ முடிந்துவிட்டது. நான் செய்வது அந்த 'வேறு ஆய்வு'. எனக்கு நல்ல சிக்னல் தருவதும் அந்த ஏழாம் வரிசைதான்.

உயிரியல் கைடிடம் சொன்னேன். "பெயர் நீக்கிய செல், யாருடையது என்று நமக்கே தெரியாது, அதனால் சிக்கல் இல்லை" என்றார். அறவியல் கைடிடம் சொன்னேன். "அருமையான பொருள், அத்தியாயத்துக்கு இதையே எடுத்துக்கொள்" என்றார். நாளைக் காலையில் அந்தக் குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுக்கலாமா கூடாதா என்பதற்கு இரண்டு பேரிடமும் பதில் கிடைக்கவில்லை. படுத்தால் அந்தப் புள்ளிதான் கண்ணில் நிற்கிறது. இப்படி ஒரு நிலையைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மூன்றாம்_நடைமேடை

நாளைக் காலையில் எடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

நானும் இதே போன்ற இரட்டைக் கைடு திட்டத்தில்தான் பட்டம் முடித்தேன், நான்கு வருடம் ஆகிறது. என்னுடையது மரபணுத் தரவு. அறவியல் அத்தியாயம் என்று அறுபது பக்கம் எழுதினேன். தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு கோட்பாடுகளையும் வரிசையாக விளக்கி, ஒவ்வொன்றுக்கும் பழைய உதாரணங்கள் சேர்த்திருந்தேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தப் பக்கங்களை மெதுவாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எழுதியதால் உங்கள் சோதனையில் எந்த முடிவு மாறியது?" என்னிடம் பதில் இல்லை. பட்டம் கிடைத்தது, ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. உங்களுக்கு அதற்குப் பதில் இப்போதே கையில் இருக்கிறது. அதை எழுதுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

'பெயர் நீக்கிவிட்டோம்' என்ற வாதத்தைப் பற்றி. ஹென்ரியெட்டா லாக்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1951இல் அவரைக் கேட்காமல் எடுத்த புற்றுநோய்க் கட்டிச் செல்கள்தான், இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளரும் ஹீலா. எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2013இல் நடந்தது. அந்த மார்ச் மாதம் ஓர் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஹீலா செல்லின் முழு மரபணு வரிசையைப் பொதுவெளியில் வெளியிட்டது. அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் ஒருவரின் மரபணுவில் அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்களே! குடும்பம் எதிர்த்தது, தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஆகஸ்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. அந்தத் தரவு வேண்டுபவர் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவில் குடும்பத்தினரும் இருப்பார்கள். பெயரைக் கறுப்பு மையால் மறைக்கலாம். செல்லுக்குள் இருப்பதை எதைக் கொண்டு மறைப்பது?

அத்தியாயத்துக்கு என் யோசனை: அந்தப் பத்தியில் 'ஆம்' எப்படி வந்தது என்று தேடிப் போங்கள். யார் போட்டது, எந்தப் படிவத்தைப் பார்த்து, எப்போது? இரண்டு கட்டங்கள் ஒரு பத்தியாகச் சுருங்கியது எந்த இடத்தில்? இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ஆட்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் அதற்கே தனி அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

---

பெட்ரி_தட்டு

கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் ஆய்வகத்துக்காரன், இருபது வருடமாகச் செல் வளர்ப்பு. ஒரு வரிசையை நிறுத்துவது என்று வாயால் சொல்வது எளிது. ஆர்கனாய்டு முதிர்ந்து சீரான மின் துடிப்பு காட்டவே பல மாதங்கள் ஆகும். அதை நம்பித் தம்பியோ தங்கையோ இன்னும் இரண்டு பேர் அங்கே ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் நினைக்க வேண்டும்.

தவிர, ஆர்கனாய்டு என்றாலே பயப்படவும் வேண்டாம். சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல், இன்றைய மூளை ஆர்கனாய்டுகளுக்கு வலியோ உணர்வோ இருப்பதாகச் சான்று இல்லை என்றுதான் சொல்கிறது.

ஒன்று மட்டும் சொல்வேன். எத்திக்ஸ் கமிட்டிக்கு, அதாவது ஆய்வுகளை அறவியல் நோக்கில் பரிசீலிக்கும் குழுவுக்கு, எழுதுவதாக இருந்தால் உங்கள் உயிரியல் கைடுக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். முதலில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள். வாயால் கேட்டபோது 'சிக்கல் இல்லை' என்று சொன்னவர், கண்ணால் பார்த்தால் வேறு மாதிரி சொல்லக்கூடும். நானே அப்படி மாறியிருக்கிறேன்.

---

அல்லி

நான் பதினோரு வருடம் மருத்துவப் பரிசோதனைகளில் ஒருங்கிணைப்பாளராக இருந்த செவிலியர். இப்போது ஓர் எத்திக்ஸ் கமிட்டியில் உறுப்பினர். இந்தப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பெட்ரி தட்டு ஐயா, ஆர்கனாய்டுக்கு வலிக்குமா என்பது ஒரு கேள்வி. தோலைக் கொடுத்தவர் எதற்குச் சரி என்றார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் வந்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும்.

மழைக்குருவி, அந்தப் புள்ளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் கட்டத்தை விளக்கும்போது தலையாட்டிக்கொண்டே வருவார்கள். இரண்டாவதுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, "வேறு ஆய்வு என்றால் என்னம்மா?" என்று கேட்பார்கள். சிலர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அதற்குள் மருத்துவர் கூப்பிட்டுவிடுவார், கையெழுத்து மட்டும் விழும். உங்கள் ஏழாம் நபர் மறந்தாரா, தயங்கினாரா, வேண்டாம் என்று நினைத்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் குழுவில் காலிக் கட்டத்தை நாங்கள் 'ஆம்' என்று படிப்பதில்லை.

இனி நடைமுறை. படிவத்தில் பெயரை மறைத்திருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் மாதிரி எடுத்த மருத்துவமனையில், எந்தக் குறியீடு யாருடையது என்று காட்டும் குறியீட்டுப் பட்டியல் இருக்கும். அப்படியானால் அது குறியீடு இட்ட செல், அடையாளம் முழுக்கப் போன செல் இல்லை. உங்கள் கைடு சொல்வது இந்த இடத்தில்தான் தடுக்கிறது. மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964இல் கொண்டுவந்த அறநெறியான ஹெல்சிங்கி பிரகடனம், அடையாளம் காணக்கூடிய மனிதத் திசுவையும் தரவையும் சேர்த்தே பேசுகிறது. மறுபடி ஒப்புதல் வாங்க முடியவில்லை என்றால் அந்த முடிவை எத்திக்ஸ் குழுதான் எடுக்க வேண்டும் என்கிறது, ஆய்வாளர் இல்லை. 2024இல் அதைத் திருத்தியபோது, ஆய்வுக்கு 'உட்படுத்தப்படுபவர்' என்ற பொருள் தரும் பழைய சொல்லை எடுத்துவிட்டு 'பங்கேற்பாளர்' என்று மாற்றினார்கள். வெறும் சொல் மாற்றம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்த நாள் சந்தோஷமாக இருந்தது.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதியில், அந்த வரிசையில் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், இன்றிலிருந்து என்ன நிறுத்தியிருக்கிறீர்கள். யாரையும் குறை சொல்லாதீர்கள். இரண்டு கைடும் கையெழுத்திட்டால் நல்லது. குழு அவரைத் தொடர்புகொள்ளச் சொல்லலாம், மறு ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த விலக்கு தரலாம், அல்லது வரிசையை விட்டுவிடச் சொல்லலாம். மூன்றில் எது வந்தாலும் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

---

மழைக்குருவி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன மூன்று பேருக்கும் நன்றி.

பெட்ரி தட்டு ஐயா சொன்னபடி அச்செடுத்துக்கொண்டு போனேன். கைடு கண்ணாடியைக் கழற்றி, தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். "இதை நான் பார்க்கவே இல்லையே" என்றார். அன்று மதியமே மீதிப் படிவங்களையும் அவரும் நானும் ஒவ்வொன்றாகப் படித்தோம். நான்காம் வரிசையின் படிவம் பழைய அச்சு, அதில் இரண்டாவது கட்டமே கிடையாது. அதற்கும் 'ஆம்' போட்டிருந்தது.

அல்லி அக்கா சொன்ன வடிவத்திலேயே கடிதம் எழுதினேன், இரண்டு கைடும் கையெழுத்திட்டார்கள். குழுவின் பதில் நேற்று வந்தது. குறியீட்டுப் பட்டியல் மருத்துவமனையில் இருக்கிறதாம், இரண்டு பேருக்கும் அவர்கள் வழியாகக் கடிதம் போகும். அந்தக் கடிதத்தில் ஆர்கனாய்டு என்றால் என்ன என்பதை விளக்கும் பத்தியை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'மூளை' என்ற சொல்லைப் போட்டால் பயந்துவிடுவார்களோ, போடாவிட்டால் மறைத்தது ஆகிவிடுமோ என்று நான்கு முறை அடித்து எழுதிவிட்டேன். இப்போதைக்கு 'மூளையின் ஒரு பகுதியைப் போன்ற, மிளகளவுத் திசு' என்று இருக்கிறது.

என் ஆய்வு ஐந்து மாதமாவது தள்ளிப்போகும். அட்டவணையில் 'சம்மதம்' பத்தியை எடுத்துவிட்டு, படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறேன். ஃப்ரீசரில் நான்காம், ஏழாம் வரிசைக் குப்பிகள் தனிப் பெட்டியில் இருக்கின்றன, மேலே சிவப்பு டேப்.

---

அல்லி

'மூளை' என்ற சொல் இருக்கட்டும், எடுக்காதீர்கள். அந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன்னால் ஆய்வகத்துக்கு வெளியே உள்ள இரண்டு பேரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த வரியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.