கியூஆர் யார் பெயரில் இருக்கிறது?

கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வரும்வரை என் வியாபாரம் முழுவதும் ஒரு நீல நோட்டுக்குள்தான் இருந்தது. கைப்பேசியில் பேசத் தெரியும், வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. பிளாட்டில் அவர் தன் கிரில் கதவுக்குப் பின்னால், நான் என் கதவுக்குப் பின்னால். "மேலே மூணு புள்ளி தெரியுதா? அதை அழுத்து. இப்ப என்ன வந்துச்சு, படி." மகன் சொல்லிக்கொடுத்தால் "குடுங்கம்மா" என்று வாங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துத் தந்துவிடுவான். நான் எதையும் கற்றிருக்க மாட்டேன். அக்காவால் கதவைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் நானே அழுத்த வேண்டியிருந்தது.

புலனத்தின் (வாட்ஸ்அப்) வணிகச் செயலியில் பலகாரங்களைப் படத்தோடும் விலையோடும் ஏற்றினேன். விலை என்ன, எப்போது கிடைக்கும், எங்கே வந்து எடுப்பது என்று எல்லாரும் கேட்பது இந்த மூன்றைத்தான். பதிலைச் செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியில் தமிழில் தட்டிச் சேமித்துவிட்டேன். மாவுக் கையோடு நிற்கும்போது கைப்பேசியை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொள்வேன். பைக்கு மேலேயே தட்டலாம்.

ஆனால் வாடிக்கையாளர் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் கியூஆர் குறியீடு மகன் பெயரில் இருந்தது. நல்ல பிள்ளை, கேட்டால் உடனே கொடுப்பான். இருந்தாலும் உளுந்து மாவு வாங்கக்கூட நான் கேட்க வேண்டும். அந்த மாதம் எவ்வளவு விற்றேன் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். இரண்டு வருடம் அப்படியே போனது, இன்றுவரை அது எனக்கு வருத்தம்தான். அப்புறம் தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான எஸ்.எஸ்.எம்மில் அடையாள அட்டையில் உள்ள என் பெயரிலேயே தொழிலைப் பதிந்தேன். வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்). கடைக்குத் தனிப்பெயர் வைத்தால் 60. அதைக் கொண்டுபோய் வங்கிக் கணக்கு திறந்து, ரோஸ் நிற டூயிட்நவ் கியூஆர் அட்டையை வாங்கிக் கதவில் மாட்டினேன். முதல் நாள் 18 வெள்ளி வந்தது. அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

*

செந்தூல் அக்காவுக்கு வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ரவிக்கை தைக்கிறேன். என் கடையில் கியூஆர் கணவர் பெயரில் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம், கடை நிறையக் கூட்டம். ஒருவர் 240 வெள்ளி அனுப்பியதாகக் கைப்பேசித் திரையைக் காட்டினார். தேதி, நேரம், தொகை எல்லாம் சரியாக இருந்தது. துணியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரவு கணவர் வேலை முடிந்து வந்து பார்த்தால் கணக்கில் ஒன்றுமே இல்லை. அது போலி ரசீது. ஐந்து ரவிக்கை, நான்கு இரவு வேலை.

இப்போது கணக்கு என் பெயரில் இருக்கிறது. என் கைப்பேசியில் பணம் வந்த தகவல் தெரியும்வரை "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிடுவேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. ஒன்று கேட்க வேண்டும். என் மாமியார் பூ கட்டி விற்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

*

புலனத்தில் குரல் பதிவு அனுப்புவதிலிருந்து தொடங்குங்கள், தங்கச்சி. வாடிக்கையாளர் பெயரைப் படிக்க முடியாவிட்டாலும் படத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.  சொல்லிக்கொடுக்கும்போது அவர் கைப்பேசியை நீங்கள் தொடாதீர்கள், எவ்வளவு நேரமானாலும் சரி. மைக்கை அழுத்தியபடியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டு கையாலும் பூ கட்டிக்கொண்டே பேசலாம்.