பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடா? காரைக்குடி கூட்டம் தொடர்பாக

வைகைக்கரை:
வைகாசியில் காரைக்குடியில் நடத்தலாம் என்று பேசிவரும் கூட்டத்துக்கு, அதாவது எல்லா வீட்டையும் கேட்காமல் சில வீடுகளைக் குலுக்கலில் எடுத்துக் கணக்குப் போடும் மாதிரி ஆய்வு செய்கிற நம் ஆட்களின் கூட்டத்துக்கு, முதல் கட்டுரைச் சுருக்கம் வந்திருக்கிறது. அதில் ஒரு வரி: "செட்டிநாட்டு ஊர்களில் மாதிரியில் விழுந்த வீடு பூட்டிக் கிடந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம், மதிப்பீடு பெரிதாக மாறாது." எழுதியது புள்ளியியல்காரரா, வீட்டுத் தரகரா? கானாடுகாத்தானில் அரண்மனை போன்ற வீட்டைப் பூட்டிப் போட்டிருப்பவரும் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் மாதம் ஒரே அளவா செலவு செய்கிறார்கள்? இதுதான் முதல் அமர்வு என்றால் நான் பல்லவனில் டிக்கெட் போடுவதாக இல்லை.

ஆத்தங்குடியான்:
அந்தத் தரகர் அடியேன்தான். தேசிய மாதிரி ஆய்வின் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததுண்டா சார்? மாற்றுக் குடும்பத்துக்கென்று கட்டமே இருக்கிறது. ஏன் மாற்றினோம் என்பதற்குக் குறியீடும் உண்டு: வேலையாக இருந்தார் என்றால் 1, வெளியூர் போயிருந்தார்கள் என்றால் 2, ஒத்துழைக்கவில்லை என்றால் 3. புள்ளியியல் மேதை மகலனோபிஸ் முன்னின்று 1950-ல் தொடங்கிய ஆய்வு அது. அவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும் என்றால் சரி, நீங்களே முதல் அமர்வை நடத்துங்கள்.

வைகைக்கரை:
படிவத்தில் கட்டம் இருந்தால் பாதகம் இல்லை என்று ஆகிவிடுமா? தேசியக் குடும்ப நல ஆய்வில் மாற்று வீடு என்ற பேச்சே கிடையாது. கிடைக்காத வீடு கிடைக்காததாகவே கணக்கில் ஏறும். அப்படியிருந்தும் 2019–21 சுற்றில் 6,36,699 குடும்பங்களைப் பேட்டி எடுத்தார்கள், 98 சதவீதம் பதில் வந்தது. திரும்பத் திரும்பப் போனார்கள், வந்தது. பெட்டிக்கடைக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய சூப்பர்வைசர்:
இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. பின்வாசலைப் பார்த்தீர்களா?

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் பெரிய பூட்டு தொங்கும். ஆனால் படிக்குக் கீழே அன்று காலை போட்ட கோலம் ஈரம் காயாமல் இருக்கும். அந்தக் கோலத்தை யார் போட்டது? சுற்றிக்கொண்டு பின் தெருவுக்குப் போங்கள். அடுப்படிக் கதவு திறந்திருக்கும், காவலுக்கு இருக்கிற அம்மா கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். அந்த அம்மா, அவர் கணவர், பிள்ளைகள் எல்லாருக்கும் பின்கட்டில்தான் ஜாகை. நீங்கள் முகப்பைப் பார்த்து 'பூட்டு' என்று எழுதிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறீர்கள். ஒரு முழுக் குடும்பம் கணக்கிலேயே இல்லாமல் போகிறது.

ஆத்தங்குடியான்:
ஐயா, எல்லா வீட்டிலும் காவலுக்கு ஆள் இல்லை. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள், சாவி யாரிடம் என்றே தெரியாத வீடுகள் எத்தனையோ.

பழைய சூப்பர்வைசர்:
பின்வாசலைப் பார்த்தீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

தகவு:
கொஞ்சம் நிறுத்துங்கள். குடியிருப்பவர்கள் அன்றைக்கு வெளியே போன வீடு வேறு, ஆண்டு முழுக்க ஆளே இல்லாத காலி வீடு வேறு. சென்னைக்குக் குடிபோனவர் சென்னையில் எடுக்கும் வீட்டுப் பட்டியலில்தான் வருவார். அவருக்குக் கானாடுகாத்தானில் மாற்று எதற்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஏறக்குறைய இரண்டரைக் கோடி வீடுகளைக் காலி என்று தனியாகத்தானே காட்டினார்கள். முதலில் இதைப் பிரித்துக்கொண்டு பேசலாமே.

வைகைக்கரை:
பெட்டிக்கடைக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை எல்லாரும் கவனிக்கவும்.

பழைய சூப்பர்வைசர்:
தம்பி தகவு, காலி என்று எப்படித் தெரிந்தது? முகப்பைப் பார்த்துத்தானே? இன்னொரு கூத்தும் உண்டு. பட்டியல் எடுக்க முன் தெருவுக்கு ஒருவர், பின் தெருவுக்கு ஒருவர் என்று அனுப்பினால் இரண்டு பேரும் அதே வீட்டை எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு வரிசை எண், மாதிரியில் விழ இரட்டை வாய்ப்பு. ஒருவர் தாளில் காலி, மற்றவர் தாளில் நாலு பேர். மகலனோபிஸ் ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டு மாதிரி எடுத்து வேறு வேறு ஆட்களை அனுப்பினாரே, ஏன்? ஆளுக்கு ஆள் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கத்தான். கணினியில் எடை போட்டு, அதாவது ஒரு வீட்டின் பதிலைப் பல வீட்டுக்குச் சமமாக எண்ணி, சரிக்கட்டுகிறவர்களுக்கு இது புரியாது. வெயிலில் நடக்க வேண்டும்.

தகவு:
நான் தம்பி இல்லை ஐயா. வெயிலில் நானும் நடந்திருக்கிறேன். இதற்கு 1946-லேயே அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் ஹான்சனும் ஹர்விட்சும் வழி சொல்லியிருக்கிறார்கள். பதில் கிடைக்காத வீடுகளில் ஒரு பகுதியைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அந்த வீடுகளை மட்டும் விடாமல் துரத்திப் பதில் வாங்கி, விடுபட்ட அத்தனைக்கும் சேர்த்து எடை கொடுக்க வேண்டும்.

பழைய சூப்பர்வைசர்:
துரத்திப் போவது எந்த வாசலுக்கு அம்மா?

ஆத்தங்குடியான்:
வழி நான் சொல்கிறேன். நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு வரி உண்டு. எந்தப் பங்காளி எங்கே இருக்கிறார் என்று அதை வைத்தே தேடிப் பிடித்துவிடலாம்.

வைகைக்கரை:
அருமை. காவலுக்கு இருக்கிற அம்மா எந்தப் புள்ளி? பெட்டிக்கடைக்காரர் எந்தப் புள்ளி?

பழைய சூப்பர்வைசர்:
அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன். பின்வாசல்.

ஆத்தங்குடியான்:
வைகைக்கரையின் கோபம் பூட்டின் மேல் இல்லை என்பது இங்கே பலருக்கும் தெரியும். போன கூட்டத்தில் அவர் கட்டுரையைப் பாதியில் நிறுத்தச் சொல்லி மணி அடித்தது நான். அந்த மணி இன்னும் அவர் காதில் கேட்கிறது.

வைகைக்கரை:
மணி அடிக்கத்தான் உங்களுக்கு வரும். 1973-ல் தொடங்கிய சர்வதேச மாதிரி ஆய்வுப் புள்ளியியலாளர் சங்கத்தில் நான் உறுப்பினர். 2025 அக்டோபரில் ஹேக்கில் நடந்த உலகப் புள்ளியியல் மாநாட்டுக்குப் போய்வந்தவன். அங்கே இப்படி ஒரு சுருக்கத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பழைய சூப்பர்வைசர்:
எந்த வாசலில்?

கொப்புடையாள் துணை:
சண்டைக்கு நடுவே ஒரு சேதி. வைகாசியில் மண்டபம் கிடைப்பது கஷ்டம், முகூர்த்த நாட்கள். கல்யாணத்துக்கென்று பலர் ஊர் வந்து வீட்டைத் திறப்பதும் அப்போதுதான். ஆவணிக்குத் தள்ளலாமா? சாப்பாடு சைவமா அசைவமா என்றும் சொல்லிவிடுங்கள், சமையல்காரருக்கு முன்பணம் தர வேண்டும். காலையில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் உறுதி.

ஆத்தங்குடியான்:
வீடு திறந்திருக்கும் மாதத்தில் கூட்டம் வைத்தால்தான் எல்லாரும் நேரில் பார்க்கலாம். தள்ளக் கூடாது.

தகவு:
கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளையும் குடியிருப்பவர்களாக எழுதிவிடுவீர்களா?

ஆத்தங்குடியான்:
உங்களிடம் கேட்கவில்லை. கொப்புடையாள் அண்ணே, வைகைக்கரை வருகிறார் என்றால் என் பெயரை அடித்துவிடுங்கள்.

வைகைக்கரை:
அடிக்க வேண்டாம் அண்ணே. குறியீடு 3 போட்டு, அவருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். முடிவில் பெரிதாக மாற்றம் வராது.

கொப்புடையாள் துணை:
சைவமா அசைவமா என்று கேட்டேன்.

பழைய சூப்பர்வைசர்:
எனக்குச் சைவம். இரண்டாம் நாள் மதியம் எல்லாரையும் பள்ளத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பின் தெருவைக் காட்டுகிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்புடையாள் துணை:
வேன் வாடகை பதிவுக் கட்டணத்தில் சேராது.

பழைய சூப்பர்வைசர்:
அந்தத் தெருவில் வேன் எங்கே நுழையும்? ஆட்டோ சொல்லுங்கள்.