பன்னீர் திராட்சைத் திசு வளர்ப்பு: தாமதமாகத் தோன்றும் கலங்கலுக்கு என்ன தீர்வு?

கேள்வி:
மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் கம்பம் பன்னீர் திராட்சையைக் கணுத்துண்டுகள் (மொட்டுள்ள சிறு தண்டுத் துண்டுகள்) மூலம் திசு வளர்ப்பில் பெருக்க முயன்று வருகிறேன். தோட்டத்துக் கொடியிலிருந்து எடுத்த துண்டுகளை ஓடும் நீரில் கழுவி, கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் ஊறவைத்து, 70 சதவீத எத்தனாலில் 30 விநாடியும் 0.1 சதவீத மெர்க்குரிக் குளோரைடில் 3 நிமிடமும் வைத்து, கிருமி நீக்கிய நீரில் அலசிய பிறகே எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) எனப்படும் ஊட்டச்சத்து ஊடகத்தில் நடுகிறேன். பூஞ்சணம் பெருமளவு அடங்கிவிட்டது. ஆனால், நன்கு துளிர்த்த குப்பிகளில்கூடச் சில வாரங்கள் கழித்துத் துண்டின் அடியைச் சுற்றி அகாரில் (ஊடகத்தை உறையவைக்கும் கூழ்) பால்நிறக் கலங்கல் பரவுகிறது. மெர்க்குரிக் குளோரைடில் வைக்கும் நேரத்தைக் கூட்டலாமா?

பதில் 1:
கூட்ட வேண்டாம். மேற்பரப்பில் எஞ்சிய கிருமிகள் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வெளிப்பட்டுவிடும். இவ்வளவு தாமதமாக, அதுவும் வெட்டுவாயிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாவாகத்தான் இருக்கும். மேற்பரப்பைக் கழுவும் மருந்து அதை எட்டாது. நேரம் கூடினால் மொட்டுதான் கருகும். கவாத்தில் கிடைக்கும் முதிர்ந்த குச்சிகளைச் சுத்தமான மணலில் நட்டு, மழையும் தூசும் படாத கூரையின்கீழ் துளிர்க்கவிட்டு, இலைகள் நனையாதபடி அடியில் மட்டும் நீர் ஊற்றி, புதிதாக வரும் இளந்தளிர்களின் நுனிக்கணுக்களை எடுத்துப் பாருங்கள். கம்பம் பகுதியில் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் கவாத்து நடப்பதால் குச்சிக்குப் பஞ்சமிராது.

பதில் 2:
பாக்டீரியாவுக்கு எதிரான செஃபோடாக்சிம் மருந்தை ஊடகத்தில் லிட்டருக்கு 250 மி.கி. அளவில் சேர்ப்பவர்கள் உண்டு. அது வெப்பத்தில் சிதையும் என்பதால், ஊடகத்தை ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அகார் உறைவதற்குள் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் சேர்க்க வேண்டும். எனினும், இத்தகைய மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பதைவிட அடக்கி வைப்பதே அதிகம்; மருந்தில்லாத ஊடகத்துக்கு மாற்றியதும் கலங்கல் திரும்பக்கூடும். ஆகவே, பெருக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு தளிரின் அடித்துண்டையும் பெப்டோனும் ஈஸ்ட் சாறும் கலந்த சோதனை ஊடகத்தில் வைத்துப் பார்த்து, கலங்குபவற்றைத் தயங்காமல் கழித்துவிடுவதே என் விருப்பம். மெர்க்குரிக் குளோரைடுக் கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல் தனியே சேமியுங்கள்.

பதில் 3:
கலங்காத குப்பி என்பது வைரஸ் இல்லாத கொடி என்று பொருள்படாது. இலைச்சுருள் நோயை உண்டாக்கும் வைரஸ்கள் அகாரில் எந்தத் தடயமும் காட்டாமல் கணுத்துண்டு வழியே எல்லாக் கன்றுகளுக்கும் பரவிவிடும். தாய்க்கொடியை முதலில் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைக்கு (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) உட்படுத்துங்கள். வைரஸ் இருந்து, அந்தக் கொடியையே காப்பாற்ற வேண்டுமெனில், கணுவை விட்டுவிட்டு அரை மி.மீ.க்கும் குறைவான குருத்து நுனியை நுண்ணோக்கியின்கீழ் பிரித்தெடுத்து வளர்த்து, வேர்விட்ட பின் மறுபடியும் சோதிக்க வேண்டும்.