பெரிய வீடு குரூப், சனிக்கிழமை ராத்திரி

கார்த்தி: டேர்டெவில்னு ஒரு அமெரிக்க சூப்பர்ஹீரோ சீரிஸ், ரெண்டாவது எபிசோட் இப்பதான் முடிச்சேன், தூக்கமே வரல

திவ்யா: 2015ல வந்தத இப்ப பாக்குறியா 😂

கார்த்தி: நீ அப்பவே பாத்துட்டு ஏன்டி சொல்லல

மணி சித்தப்பா: என்னடா அது, மறுபடியும் பறக்குறவனா

கார்த்தி: இல்ல சித்தப்பா இவனுக்கு கண்ணே தெரியாது. சின்ன வயசுல ஆக்சிடென்ட்ல கெமிக்கல் பட்டு பார்வை போயிருச்சு, ஆனா காதும் மூக்கும் பயங்கர ஷார்ப். நியூயார்க்ல ஹெல்ஸ் கிச்சன்னு ஒரு ஏரியா, பகல்ல வக்கீலு, ராத்திரி மூஞ்சில கறுப்புத் துணி கட்டிட்டு கிளம்பிருவான்

மணி சித்தப்பா: ஃபீஸ் வசூலுக்கா

திவ்யா: 🤣🤣

கார்த்தி: சித்தப்பா கேளுங்க. ரஷ்யாக்காரனுங்க ஒரு சின்னப் பையன கடத்திருவானுங்க, அது இவனுக்கு வச்ச பொறி, போயி செம அடி வாங்கி குப்பைத் தொட்டில கிடப்பான். கிளேர்னு ஒரு நர்ஸ்தான் வீட்டுக்கு தூக்கிட்டு வந்து வைத்தியம் பாக்கும். நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சு மூச்சு விட முடியாம போகும், அந்த நர்ஸ் ஊசி குத்தி எடுத்துவிடும். வசந்தா அத்த, இது நெசமாவா?

வசந்தா அத்தை: நெசந்தான். நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவுல காத்து சேந்தா இதயத்தையே அமுக்கிரும், அவசரத்துக்கு ஊசி போட்டு வெளியேத்துவோம். ஆனா பெறவு டியூப் போட்டு படுக்க வைக்கணும். இவன் என்ன பண்ணான்

கார்த்தி: அன்னிக்கு ராத்திரியே அந்தப் பையன மீட்க சண்டைக்கு போயிட்டான் அத்த

வசந்தா அத்தை: எங்க வார்டுன்னா காலைக் கட்டிப் போட்ருப்பேன்

கார்த்தி: அந்த சண்டைதான் மேட்டரே. ஒரு நீட்டு காரிடார், கேமரா அதுலயே மெதுவா நகரும், ஷாட் கட் ஆகுறதே தெரியாது, அவன் ரூமுக்குள்ள போவான், நமக்கு உள்ள ஒண்ணும் தெரியாது, டமால்னு சத்தம், ஒருத்தன் கதவோட வந்து விழுவான், பின்னாடியே ஒரு மைக்ரோவேவ் பறந்து வரும். நடுவுல அவனே செவுத்துல சாஞ்சு மூச்சு வாங்குவான், அடி வாங்குனவனுங்களும் திரும்ப எந்திரிச்சு வருவானுங்க, ரெண்டு பக்கமும் தள்ளாடிட்டே அடிச்சுக்குவாங்க

மணி சித்தப்பா: நம்ம ஆளு ஒரு தட்டு தட்டுனா பத்து பேரு சுமோவோட பறப்பான், அதுல என்ன கொறச்சல்

திவ்யா: அதுல ஹீரோவுக்கு வேர்க்கவே வேர்க்காது சித்தப்பா, இவனப் பாத்தா விழுந்துருவானோன்னு நமக்கே பயமா இருக்கும்

திவ்யா: அப்புறம் இந்த ஹீரோவோட அப்பா ஒரு பாக்ஸர். கண்ணு கிழிஞ்சு வீட்டுக்கு வருவாரு, மகன்தான் தையல் போடணும், கை நடுங்கக் கூடாதுன்னு பையனுக்கே ஒரு மடக்கு சரக்கு குடுப்பாரு

வசந்தா அத்தை: நல்ல அப்பன் போ

திவ்யா: இல்லத்த, தோக்குறதுக்கு காசு வாங்கிட்டு, மகனுக்காக தோக்க மாட்டேன்னு ஜெயிச்சிருவாரு. பணத்தப் பூரா தன் மேலயே பெட் கட்டி, வர்றது மகன் பேருக்குப் போற மாதிரி பண்ணிருவாரு. அன்னிக்கே சுட்ருவானுங்க. பையன் வந்து மூஞ்சிய தடவிப் பாப்பான். அந்த எடத்துல நான் நிறுத்திட்டேன், அடுத்த நாள்தான் மிச்சம் பாத்தேன்

கார்த்தி: எபிசோட் பேரே கட் மேன். ரிங் ஓரத்துல நின்னு பாக்ஸரோட காயத்த அடைக்கிற ஆளுக்கு அப்படித்தான் சொல்வாங்களாம். அந்த வேலைய அன்னிக்கு மகன் பண்ணான், இப்ப மகனுக்கு அந்த நர்ஸ் பண்ணுது

மணி சித்தப்பா: எதுலடா ஓடுது

கார்த்தி: மொதல்ல நெட்ஃப்ளிக்ஸ் சித்தப்பா, 2022ல டிஸ்னி பிளஸ்ஸுக்கு மாத்திட்டாங்க

வசந்தா அத்தை: அந்தப் புள்ளைய வீட்ல கொண்டு விட்டானா இல்லையா

கார்த்தி: அத காட்டல அத்த, காரிடார்ல தூக்கிட்டு நடக்குறதோட முடிச்சிட்டாங்க

வசந்தா அத்தை: ம்ம். அதுக்கு சாப்ட எதாச்சும் குடுத்தானுங்களோ என்னமோ