மாக், ஸ்டப்: ‘போலி’ என்ற ஒரே சொல் போதுமா?

மென்பொருளின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் அலகுச் சோதனைகளில், உண்மையான நிரல்பொருளுக்கு (object) மாற்றாக வரும் மாக் (mock), ஸ்டப் (stub) இரண்டையும் தமிழில் ‘போலி’ என்றே குறித்துவிடலாம் என்ற முன்மொழிவைப் பாதியளவில் ஏற்கிறேன். சொல் நல்ல சொல்தான். அதை வைக்கவேண்டிய இடம் வேறு.

‘போலி’ என்றதும் ஏமாற்று என்ற எண்ணமே முந்திக்கொண்டு வரும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட தடை. இலக்கணத்தில் அந்தச் சாயல் இல்லை. ‘பந்தல்’ என்பது ‘பந்தர்’ என்றும், ‘அரசு’ என்பது ‘அரைசு’ என்றும் வரும்போது, ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து வந்து நிற்கிறது, அர்த்தம் மாறுவதில்லை. சோதனையிலும் உண்மையான பொருள் நிற்கவேண்டிய இடத்தில் அதே இடைமுகம் கொண்ட இன்னொன்றை நிறுத்துகிறோம். அதை அழைக்கும் நிரலுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

ஆனால் இந்தப் பொருத்தம், இப்படி மாற்றாக நிற்பவை எல்லாவற்றையும் குறிக்கும் டெஸ்ட் டபுள் (test double) என்ற பொதுப்பெயருக்கே உரியது. மென்பொருள் வல்லுநர் ஜெரார்ட் மெசாரோஸ் 2007-இல் வெளியான, சோதனை முறைகள் பற்றிய தம் நூலில் டம்மி (இடத்தை நிரப்ப மட்டும் வருவது), ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக் ஆகிய ஐந்தையும் அந்தப் பெயரின்கீழ்தான் வகைப்படுத்தினார். ‘போலி’யை மாக், ஸ்டப் இரண்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டால், மற்ற மூன்றும் தலைப்பெயர் இல்லாமல் நிற்கும்.

ஒரு நிரலில் ஆர்டர்களைக் கையாளும் வகுப்பைச் (class) சோதிப்பதாகக் கொள்வோம். பணம் பெறும் செயல்முறை ‘மறுக்கப்பட்டது’ என்று திருப்பும்படி முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, ஆர்டர் உறுதியாகாமல் நிற்கிறதா என்று பார்த்தால், அங்கே இருப்பது ஸ்டப்; நாம் சரிபார்ப்பது ஆர்டரின் நிலையை. உறுதியான ஆர்டருக்கு மின்னஞ்சல் அனுப்பும் செயல்முறை சரியான முகவரியுடன் ஒரே ஒரு முறை அழைக்கப்பட வேண்டும் என்று முன்பே விதித்து, அது மீறப்பட்டால் சோதனை தோற்கும்படி வைத்தால், அது மாக். அங்கே அழைப்பையே சரிபார்க்கிறோம். ஆகவே முன்னதற்கு ‘விடைப்போலி’, பின்னதற்கு ‘எதிர்பார்ப்புப் போலி’ என்பன என் பரிந்துரை. ‘சான்றுப்போலி’ இன்னும் குறுகியதுதான் என்றாலும், அழைப்புகளைக் குறித்துவைத்துப் பிறகு சாட்சி சொல்வது ஸ்பை என்பதால், அதை ஸ்பைக்கே விட்டுவைப்பது நல்லது.

வினைச்சொற்களில் கூடுதல் கவனம் தேவை. ‘வகுப்பைப் போலியாக்குதல்’ என்று எழுதினால் வகுப்பே உருமாறிவிட்டது போன்ற எண்ணம் எழும். ஜாவா மொழிக்கான சோதனை நூலகமான மோக்கிட்டோ (Mockito) நெடுங்காலம் இயக்கநேரத்தில் ஒரு துணைவகுப்பை உருவாக்கியே இதைச் செய்துவந்தது. துணைவகுப்பு உருவாக்க இடம்தராத ஃபைனல் (final) வகுப்புகளிடம் அந்த வழி செல்லாததற்கும் அதுவே காரணம். 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இயல்பான முறை மாறிய பின்னும், அதே வகுப்பின் மற்றப் பொருள்கள் வழக்கம்போலவே நடந்துகொள்கின்றன. எனவே ‘வகுப்புக்குப் போலி நிறுத்துதல்’ என்றும், ஸ்டப்பிங் என்பதைச் ‘செயல்முறைக்கு விடை பொருத்துதல்’ என்றும் எழுதலாம். மோக்கிட்டோவில் மாக் என்ற ஒரே அழைப்பால் உருவாகும் பொருளே பயன்பாட்டுக்கு ஏற்ப விடைப்போலியாகவும் வேறு வகையாகவும் அமைவதால், ஆவணங்களில் பொருளைப் பொதுவாகப் ‘போலி’ என்று குறித்து, வகையைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் சுட்டினால் போதும்.

நினைவகத்திலேயே இயங்கும் தரவுத்தளம் போன்ற ஃபேக், எளிய வடிவில் உண்மையாகவே வேலை செய்வது. அதற்கு ‘இயங்குபோலி’ பொருந்தும். வினைத்தொகை ஆதலால் இங்கே ஒற்று மிகாது.