மறுமொழி: கடற்கரை மணலில் தோலுக்குள் ஏறும் நாய்ப்புழு – பெயர் வேண்டும் (நாளை 11 மணிக்கு அச்சு)

வேப்பேரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெசன்ட் நகர்ப் பக்கம் நாய், பூனை வளர்ப்போருக்கான தடுப்பூசி முகாமில் கொடுக்க நான்கு பக்கத் துண்டறிக்கை. மூன்று பக்கம் முடிந்தது. வெறிநாய்க்கடி, உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாவற்றுக்கும் சனங்களே பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்குத்தான் இல்லை.

நாய், பூனையின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மணலில் விழுகிறது. ஈரமும் சூடும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவம் வந்துவிடும். வெறுங்காலோடு நடப்பவர், எதையும் விரிக்காமல் மணலில் உட்காருபவர் தோலில் ஏறும். நாயாக இருந்தால் இரத்தத்தோடு போய்க் கடைசியில் குடலைச் சேரும். மனிதத் தோலின் மேலடுக்குக்குக் கீழே இறங்க வேண்டிய நொதி அதற்குப் போதாது, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சிவந்து, நெளிந்து போகும் கோடு ஒன்று நாளுக்குச் சில மில்லிமீட்டர், சிலருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளும். அரிப்பு தூங்க விடாது. பாடநூலில் லார்வா மைக்ரன்ஸ். தமிழில்?

மயிலாப்பூர்:

ஊர்தல் என்னும் வினை கையில் இருக்க வேறெதற்கு அலைவது? தோலில் ஊர்கிற புழு, தோலூர்புழு. வினைத்தொகை. வல்லினம் மிகாது என்பதை அச்சகத்தாருக்குச் சொல்லிவிடுங்கள். ப் போட்டு 'தோலூர்ப்புழு' என்று ஆக்கினால் தோலூர் என்ற ஊரின் புழுவாகிவிடும்.

அம்பத்தூர்:

ஐயா, ப் போடாவிட்டாலும் அதுதான். வேலூருக்குப் பக்கத்தில் தோலூர் என்றுதான் எவனும் படிப்பான். கண்ணுக்குள் போகும் இன்னொரு வகைப் புழு இருக்கிறதாமே, அதற்கு என்ன? கண்ணூர்புழுவா? கேரளத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

வளசரவாக்கம்:

லார்வாவுக்கு எங்கட ஈழத்துப் பாடப்புத்தகங்களில் எப்பவோ சொல் இருக்கு: குடம்பி. கொசுவின் லார்வாவை நுளம்புக் குடம்பி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். தோற்குடம்பி அலைவு என்று போடலாமே. தமிழ்நாட்டில் லார்வா, இளவுயிரி, இளம்புழு என்று ஆளுக்கொன்றாய் வைத்திருக்கிறீர்கள்.

மயிலாப்பூர்:

குடம்பி அழகான சொல்தான். "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே" (குறள் 338) என்ற இடத்தில் குடம்பைக்குப் பரிமேலழகர் முட்டை என்றே பொருள் கொள்கிறார். கூடு என்பாரும் உண்டு. முட்டை குடம்பையானால் அதை விட்டு வெளிவந்தது குடம்பி. ஆனால் இளமைப் பெயர் என்று பேசத் தொடங்கினால் தொல்காப்பிய மரபியலை விட முடியாது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது. நாயின் இளமைக்குக் குருளை, வெருகு என்னும் பூனையின் இளமைக்குக் குட்டி என்று தனித்தனியே வகுத்தவர் புழுவின் இளமைக்கு ஒன்றும் வைக்கவில்லை. "நந்தும் முரளும்" என்று நத்தை, சிப்பி போன்ற ஈரறிவுயிர் வரை எண்ணியவர் ஏன் அதை மட்டும் விட்டார் என்பது தனியே ஆராயத்தக்கது.

அம்பத்தூர்:

நாளை 11 மணிக்குப் பிறகு ஆராயலாம் ஐயா.

தாம்பரம்:

லத்தீனில் மைக்ரன்ஸ் என்பது அலைதல். அலைபுழு என்பதே நேர். தோல், கண், உள்ளுறுப்பு எதற்கு முன்னும் பொருந்தும்: தோல் அலைபுழு, கண் அலைபுழு. ஊரும் வராது, பேரும் வராது.

வேப்பேரி:

கடற்கரைத் துண்டறிக்கையில் 'அலை' கூடாது. கடலலையில் வரும் புழு என்று எடுத்துக்கொண்டு, அலை படாத மேட்டு மணலுக்குப் போய் உட்காருவார்கள். உண்மை நேர்மாறானது. அலை வந்து கழுவும் ஈரமணல்தான் ஒப்பளவில் பாதுகாப்பு. படகு நிழல், கடை ஓரம் என்று தெருநாய்கள் படுக்கும், கடல்நீர் ஏறாத மணல்தான் ஆபத்து. பெயரே ஆளை அங்கே அனுப்பிவிடக் கூடாது.

இதே காரணத்தால் மூன்றாம் பக்கத்திலிருந்த 'பூச்சி மருந்து' என்பதையும் அடித்துவிட்டேன். வயிற்றுப்பூச்சிக்குக் கொடுப்பதும் அதே பெயர், உண்ணிக்குத் தோலில் ஊற்றுவதும் அதே பெயர். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டுமருந்தைப் பூனைமேல் விட்டால் வலிப்பு கண்டு சாகவும் கூடும். ஆகவே 'குடற்புழு மருந்து', 'உண்ணி மருந்து' என்று பிரித்தாயிற்று.

கீழ்ப்பாக்கம்:

தோல் மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்று. எங்களிடம் வருபவர்களில் பலர் படர்தாமரைக் களிம்பு பூசிவிட்டுத்தான் வருகிறார்கள். படர்தாமரை பூஞ்சை, இது புழு. அந்தக் களிம்பு இதைத் தொடாது. சிலர் கோட்டின் நுனியில் ஊசியால் குத்தி எடுக்கப் பார்க்கிறார்கள். புழு அங்கே இருக்காது. கண்ணுக்குத் தெரிவது அது வந்த வழிதான், புழு அதற்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் போயிருக்கும். குத்திய இடத்தில் சீழ் வைப்பதுதான் மிச்சம்.

அதனால் புழுத்தடம் என்று வைக்கலாம். தெரிவது தடம் மட்டும் என்று பெயரே சொல்லிவிடும். மருந்து எளிது, அல்பென்டசோலோ ஐவர்மெக்டினோ மருத்துவர் எழுதித் தருவார். அளவை அறிக்கையில் போடாதீர்கள் வேப்பேரி ஐயா. கர்ப்பிணிகளும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளும் ஐவர்மெக்டின் எடுக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுவார்கள்.

அம்பத்தூர்:

புழுத்தடத்துக்கு என் ஓட்டு. நான் புழுவரி என்று சொல்ல வந்தேன். சொத்துவரியோடு இதையும் மாநகராட்சி கேட்கிறது என்று நினைப்பார்கள், விட்டுவிட்டேன்.

தாம்பரம்:

ஏற்கவில்லை. தடம் என்பது அறிகுறி, நோயன்று. நாய், பூனைக் குடலில் இருக்கும் டாக்சோகாரா என்ற உருளைப்புழுவை என்ன செய்வீர்கள்? அதன் முட்டையைக் குழந்தை மண்ணோடு விழுங்குகிறது. புழு கல்லீரலிலும் நுரையீரலிலும் கண்ணிலும் திரிகிறது. வெளியே தடமே இல்லை. லத்தீன் இரண்டையும் ஒரே குடும்பப் பெயரில் வைத்திருக்கிறது, நாம் பிரித்துவிடுகிறோம். கலைச்சொல் ஒரு துண்டறிக்கைக்காகப் பிறப்பதா? வேண்டுமானால் திரிபுழு என்று வையுங்கள்.

மயிலாப்பூர்:

திரிபுழு யாப்புக்கும் இசைவாக இருக்கிறது. ஆனால் பால் திரிந்தாலும் திரிதல், சொல் திரிந்தாலும் திரிதல். உருமாறிய புழு என்றும் பொருள் போகும்.

வேப்பேரி:

தாம்பரம் ஐயா சொல்வது அறிவியலில் சரி. ஆனால் இரண்டையும் ஒரு பெயரில் அடைத்தால் தடுப்பு முறை குழம்பும். முதலாவதற்குச் செருப்பு, விரிப்பு. இரண்டாவதற்குக் கைகழுவல். டாக்சோகாரா முட்டை விழுந்தவுடன் தொற்றாது, மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்தே முதிர்கிறது. முதிர்ந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் பொதுவான வேலை, மலத்தை அன்றன்றே பையில் அள்ளுவது. மணல் போட்டு மூடுவது அள்ளுவதாகாது. புழுவுக்கு நிழல் கொடுப்பதுதான்.

நாய்க்குட்டிக்குத் தாய் வயிற்றிலேயே உருளைப்புழு வந்துவிடும். இரண்டாவது வாரத்திலேயே குடற்புழு மருந்து, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை இரு வாரத்துக்கொருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதமொருமுறை. ஒவ்வொரு முறையும் எடை போட்டே அளவு. போன தடவை கொடுத்த அளவு வளர்ந்த குட்டிக்குப் பற்றாது. தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். பூனைக்குட்டிக்குப் பால் வழியாகத்தான் வருகிறது, மூன்றாவது வாரம் தொடங்கலாம். இதற்கு அறிக்கையில் பெயரே போடவில்லை, 'மண் வழி வரும் உருளைப்புழுத் தொற்று' என்று ஒரு வரி.

வளசரவாக்கம்:

அப்ப குடம்பி?

வேப்பேரி:

கீழ்ப்பாக்கம் அம்மா, அம்பத்தூர், நான் என மூன்று பேர் புழுத்தடம். மயிலாப்பூர் ஐயா வாய்திறக்கவில்லை, சம்மதம் என்று வைத்துக்கொள்கிறேன். குடம்பியை நான்காம் பக்கப் படத்தில் 'இளம்புழு அல்லது குடம்பி' என்று போடுகிறேன்.

மயிலாப்பூர்:

சம்மதம் அன்று, சோர்வு. புழுத்த அரிசி என்பது போல 'புழுத்த' என்று காதில் விழுகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வரி முடிவில் சொல்லை உடைத்து 'புழுத்த' மேலேயும் 'டம்' கீழேயுமாக அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அகராதிக்கு அலைபுழுதான்.